ஆனிக் காற்றும் ஆர்ம் விரிசலும்: ராதாபுரம் பக்கம் ஒரு குவாரி வேலை

குவாரிகளுக்கே போய் வெல்டிங் வைப்பது என் தொழில். ராதாபுரம் பக்கத்துக் குவாரி மேனேஜர் போனில் சொன்னது: 20 டன் பொக்லைன். பக்கெட்டைத் தாங்குகிற முன்கையான ஆர்மில், கேபினைப் பார்த்த பக்கத்துப் பிளேட்டில் குறுக்கு வாக்கில் விரிசல். ஏற்கெனவே யாரோ ஒட்டுப் பிளேட் ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பிளேட்டின் கீழ் ஓரத்து வெல்டிங்கை ஒட்டியேதான் கீறியிருக்கிறது. காலையில் பக்கெட், மதியத்துக்கு மேல் கல் உடைக்கிற பிரேக்கர் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிற வண்டி.

போனில் இவ்வளவு தெரிந்தால் எதை எடுத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வருகிற போட்டோவை மட்டும் நம்பி நான் கிளம்புவதில்லை. கிரீஸும் தூசியும் அப்பிய பிளேட்டில் போட்டோ எடுத்தால் விரிசலில் பாதிதான் தெரியும். அதனால் கேள்வியாகக் கேட்பேன். எந்தப் பக்கம், பழைய வெல்டிங் இருக்கிறதா, பிரேக்கர் ஓடுகிறதா, கீறல் பக்கப் பிளேட்டுக்குத் திரும்பிவிட்டதா? இந்த வண்டியில் கடைசிக் கேள்விக்கு மேனேஜர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லேசா திரும்பிருக்கு அண்ணாச்சி" என்றார். லேசாக என்று குவாரியில் சொன்னால் நான்கு விரல் அகலம் என்று எடுத்துக்கொள்வேன்.

திருநெல்வேலி பேட்டையில் இருக்கிற ஒர்க்‌ஷாப்பிலிருந்து பிக்கப்பில் ஏற்றியது: டீசல் ஜெனரேட்டர், 400 ஆம்ப்ஸ் இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின், சின்ன கம்ப்ரஸர், இரும்பை உருக்கித் தோண்டுகிற கௌஜிங் டார்ச்சும் கார்பன் ராடும், கேஸ் கட்டிங் செட், சூடு காட்ட சமையல் கேஸ் சிலிண்டரும் பெரிய பர்னரும், கிரைண்டர்கள், 7018 வெல்டிங் ராடு, அந்த ராடைச் சூட்டில் வைத்திருக்கிற கைப்பெட்டி ஓவன். அதோடு தார்ப்பாய், சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி. கடைசியாகச் சொன்ன மூன்றும் இல்லாமல் ஆனி, ஆடி மாதத்தில் வள்ளியூருக்குத் தெற்கே வெல்டிங் வேலைக்குப் போகவே கூடாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அந்தப் பக்கத்தைப் போட்டு உலுக்கி எடுக்கும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், வெல்டருக்குத் திண்டாட்டம். ராடின் மேல்பூச்சு எரிந்து வருகிற புகைதான் உருகிய இரும்பைக் காற்று படாமல் காக்கிறது. அந்தப் புகையைக் காற்று அள்ளிக்கொண்டு போனால் வைத்த வெல்டிங் வரிக்குள், அதாவது பீடுக்குள், ஓட்டை ஓட்டையாக விழும். மேலே பார்த்தால் அழகாக இருக்கும். கிரைண்டர் வைத்தால் உள்ளே குண்டூசித் துளைகள். கேஸ் ஊதிக்கொண்டே வைக்கிற மிக் வெல்டிங் வேகமாகப் போகும் என்று சிலர் அதையே குவாரிக்கும் கொண்டுபோகிறார்கள். ஷெட்டுக்குள் சரி. பணகுடிக் காற்றில் சிலிண்டரிலிருந்து வருகிற கேஸ் நாசிலைத் தாண்டியதும் எங்கே போகிறதென்றே தெரியாது. திறந்த வெளியில் இன்றைக்கும் ராடு வெல்டிங்தான் நம்பகம்.

குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி பள்ளத்துக்குள்ளேயே, பாறைச் சுவருக்கு அடியில் நின்றது. மேலே உதிரியாகத் தொங்குகிற கல் கண்ணுக்கே தெரிகிறது.

"அங்ஙனயே வச்சு முடிச்சிரலாமே, வண்டிய மேல ஏத்துனா டீசல்தான் போவும்" என்றார் மேனேஜர்.

"டீசல் போனா போவுது அண்ணாச்சி, மேல பாருங்க."

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் போன பிறகும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருக்கிறவனுக்கு மேலேயிருந்து வருவது எதுவும் தெரியாது. கிரைண்டர் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. அப்புறம் வெடி. குழியில் மருந்து நிரப்பியிருக்கிறார்களா, எத்தனை மணிக்கு வெடி என்று கேட்காமல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மருந்து நிரப்பிய குழி பக்கத்தில் இருந்தால் வெல்டிங்கே கிடையாது. தரையில் ஓடுகிற கசிவுக் கரண்டும் பறக்கிற பொறியும் டெட்டனேட்டரோடு விளையாடுகிற சாமான் இல்லை. அன்றைக்கு வெடி கிடையாது என்று உறுதி செய்துகொண்டு, விரிசல் மேல் பாரம் ஏறாமல் ஆர்மை மடக்கிவைத்து, வண்டியை மெதுவாக மேலே எடை மேடைக்குப் பின்னால் ஏற்றினோம். அங்கே கிரஷரின் கல் சுவர் கொஞ்சம் காற்றை மறைத்தது.

ஆர்மைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கெட்டைச் சமமாகத் தரையில் பதித்து, ஆர்மைத் தாங்குகிற மேல்கையான பூம் கீழே இறங்காதபடி அடியில் கட்டை அடுக்கி, லீவரை ஆட்டி ஹைட்ராலிக் பிரஷரை இறக்கச் சொன்னேன். இப்படி நிறுத்தினால் விரிசல் படுக்கை வாக்கில் வரும். ஆர்மைக் கழற்றித் தரையில் புரட்டிப் போட்டால் இன்னும் வசதிதான். ஆனால் மூட்டுப் பின்னையும் ஹோஸையும் கழற்ற இன்னொரு வண்டி வேண்டும். அது அன்றைக்கு லாரிக்கு லோடு போட்டுக்கொண்டிருந்தது.

பேட்டரியில் முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், இரண்டையும் கழற்றினோம். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிற கனெக்டரையும் பிடுங்கிவிட்டோம். அடுத்தது எர்த். எர்த் கிளாம்பை டிராக்கில் கடித்துவிட்டு ஆர்மில் வெல்டிங் வைப்பதைப் பல குவாரியில் பார்த்திருக்கிறேன். கரண்ட் திரும்பிப் போக வழி தேடி ஆர்ம் பின், பூம் பின், சுழல் பேரிங் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஓடும். பேரிங் உருளைக்கும் தடத்துக்கும் நடுவே பொறி தட்டிக் குழி விழுந்தால் விரிசலை விடப் பெரிய செலவு. ஆர்மிலேயே, விரிசலுக்கு ஒரு முழ தூரத்தில், பெயின்டைத் தேய்த்து இரும்பு பளபளப்பாகத் தெரிந்த இடத்தில்தான் எர்த் கடித்தது. ஹைட்ராலிக் சிலிண்டரின் குரோம் ராடு மேல் ஈரச் சாக்கு. ஒரு பொறி ஒட்டிக்கொண்டால்கூட சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும்.

கழுவி, காய்ந்ததும் பெயின்டைத் தேய்த்து எடுத்தோம். அப்புறம் விரிசலைக் காட்டுகிற சிவப்புச் சாயம் அடித்துக் கொஞ்ச நேரம் ஊற விட்டோம். துடைக்கிறபோது கிளீனரைத் துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும். பிளேட் மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிப் போய்விடும். மேலே வெள்ளை டெவலப்பர் அடித்ததும் கோடு சிவப்பாக எழுந்து வந்தது. மேனேஜர் சொன்ன 'லேசா' இடது பக்கப் பிளேட்டில் ஒரு சாண் ஏறியிருந்தது. வலது பக்கம் மூலையோடு நின்றிருந்தது.

ஏன் அங்கே கீறியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பல்லைக் கல்லில் குத்தி ஆர்மை உள்ளே இழுக்கும்போது, கல் அந்த முனையை வெளியே தள்ளும். அப்போது கேபினைப் பார்த்த பிளேட் இழுபடும். அந்த இழுவைக்கு நேர்குறுக்காக ஒரு வெல்டிங் கோடு போட்டால் கோட்டின் ஓரம்தான் பலவீனமான இடம். பழைய ஒட்டு சதுரப் பிளேட். மேலும் கீழும் நேர்கோடாகக் குறுக்கே அடித்து மூடியிருந்தார்கள். பிளேட் இருக்கிற இடம் விறைத்துக்கொண்டது, பிளேட் முடிகிற இடத்தில் வளைவு மொத்தமும் வந்து உட்கார்ந்தது. கூடவே பிரேக்கரின் அதிர்ச்சி.

ஒட்டுப் பிளேட்டை கேஸ் கட்டிங்கில் வெட்டி எடுத்தோம். அடியில் பழைய விரிசல் அப்படியே இருந்தது. அதைத் தோண்டாமல், மேலே ஒரு பீடு ஓட்டி, அதன் மேல் பிளேட்டை வைத்து மூடிவிட்டிருக்கிறார்கள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கோடு முடிகிற இடங்களில், கண்ணுக்குத் தெரிகிற முனைக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி 8 எம்.எம் துளை போட்டோம். தோண்டும்போது சூட்டில் விரிசல் ஓடாமல் அங்கே நிற்கும். பிளேட் நகராமல் இருக்க விரிசலின் இருபுறமும் பட்டை இரும்பைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாகப் பிடித்துவைத்தோம். எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. முதலில் இடது பக்கப் பிளேட், அதை முடித்த பிறகுதான் கேபினைப் பார்த்த நடுப் பிளேட்.

இந்த வேலையில் நேரம் தின்பது கௌஜிங்தான். கார்பன் ராடு இரும்பை உருக்க, கம்ப்ரஸர் காற்று அதைத் தள்ளும். பொறி பத்தடி பறக்கும். அன்றைக்கு மேல்காற்று அதை இருபதடிக்குக் கொண்டுபோய் வேலியோரக் காய்ந்த பனை ஓலையில் போட்டது. மருமகன் தண்ணீர் வாளியோடு அங்கேயே நின்றான். ஒரு வரி தோண்டி, கிரைண்டரால் தேய்த்து, குனிந்து பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பளபளப்பான பள்ளத்தின் நடுவே கறுப்பாக ஒரு மயிரிழை தெரியும்.

"மாமா, இன்னும் கோடு தெரியுது."

மறுபடி தோண்டு. மறுபடி தேய். கோடு இல்லை என்று தோன்றிய பிறகும் சாயம் அடித்துப் பார்த்தோம். கீழ்ப் பக்கம் ஒரு இடத்தில் சிவப்புப் புள்ளி வரிசையாக எழுந்தது; மறுபடியும் கௌஜிங். 12 எம்.எம் பிளேட்டில் கடைசியில் வெளிச்சம் உள்ளே போகிற அளவுக்குத் திறந்துவிட்டது. கௌஜிங் ஓடிய இடத்தின் மேல்தோலில் கார்பன் ஏறியிருக்கும், அதன் மேல் வெல்டிங் வைத்தால் கண்ணாடிபோல் உடையும். அந்தத் தோல் போகிற மட்டும், ஒன்றிரண்டு எம்.எம், கிரைண்டர் பிடித்தாக வேண்டும்.

பள்ளத்தின் இரண்டு கரையும் ஒரே சரிவாக இருக்கக் கூடாது. படுக்கை வாக்குக் கோட்டில் உருகிய இரும்பு கீழே வழியப் பார்க்கும். அதனால் கீழ்க்கரையை ஏறக்குறையத் தட்டையாக, கொஞ்சம்தான் சரிவாக வைத்து, மேல்கரையை நன்றாகச் சரிக்க வேண்டும். கீழ்க்கரை திண்ணைபோல் இரும்பைத் தாங்கிக்கொள்ளும்.

ஆர்ம் ஒரு பெட்டி. உள்ளே கை போகாது. அடியில் தாங்கல் இல்லாமல் முதல் பீடை ஓட்டினால் பாதி உள்ளே சொட்டிவிடும். 25 எம்.எம் அகலத்தில் மெல்லிய பட்டையை வெட்டி, முதுகில் பழைய ராடு ஒன்றைக் கைப்பிடிபோல டாக் (சின்னப் பொட்டு வெல்டிங்) வைத்து, இடைவெளி வழியாகச் சாய்த்து உள்ளே நுழைத்து, திருப்பி, வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டே இரண்டு முனையிலும் டாக் அடித்தோம். அப்புறம் கைப்பிடியை உடைத்துத் தேய்த்துவிட்டால் சரி. கேட்க எளிது. பட்டை ஒருமுறை கைநழுவி ஆர்முக்குள்ளேயே விழுந்தது, இன்னொன்று வெட்டினோம். அந்த வண்டி ஆர்மை ஆட்டும்போது இனி உள்ளே ஒரு சலங்கைச் சத்தம் கேட்கும். கெடுதல் ஒன்றுமில்லை.

சவுக்குக் கம்பை நட்டு மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிய பிறகுதான் பர்னரைப் பற்றவைத்தோம். பிளேட் 100 முதல் 120 டிகிரி வரை ஏற வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் சூடு காட்டினால் போதாது. இருபுறமும் ஒரு சாண் தூரத்துக்கு ஏற வேண்டும். காற்றடிக்கிற இடத்தில் பாதிச் சூடு பறந்துவிடும், நிறைய நேரம் பிடிக்கும். பளபளப்பான இரும்பில் லேசர் தெர்மாமீட்டர் பொய் சொல்லும். அதனால் குறிப்பிட்ட சூட்டில் உருகுகிற சாக்பீஸ் மாதிரிக் குச்சி ஒன்று வைத்திருக்கிறேன். கோடு போட்டால் உருகி வழிகிற சூட்டைத்தான் நம்புவேன்.

7018 ராடு ஈரம் குடிக்கிற சாதி. ஈரத்தில் இருக்கிற ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள், பீடுக்கு அடியில் கீறும். ராதாபுரத்துக்குக் கடல் ரொம்ப தூரமில்லை. ஒர்க்‌ஷாப்பில் 350 டிகிரியில் சுட்ட ராடை கைப்பெட்டி ஓவனுக்கு மாற்றி, அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுப்போம். டிசி கரண்ட், ராடைப் பிடிக்கிற ஹோல்டர் பாசிட்டிவ். அடிவரிக்கு 3.15 எம்.எம் ராடு, 115 ஆம்ப்ஸ் வாக்கில். மேலே நிரப்ப 4 எம்.எம், 155. ராடு முனையில் எரிகிற ஆர்க்கை எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டை. வீச்சாக ஆட்டுவது கிடையாது. மெல்லிய நேர்வரிகள், கீழிருந்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் கசடு தட்டி, கம்பி பிரஷ் போட்டு, முதல் வரியும் கடைசி வரியும் தவிர மற்றவற்றைச் சூட்டோடு உருண்டை முனைச் சுத்தியால் தட்டிக் கொடுத்தோம். மூலையில் ராடை நிறுத்தவே கூடாது. நடுப் பிளேட்டில் ஆரம்பித்த வரி மூலையைச் சுற்றித் திரும்பிப் பக்கப் பிளேட்டுக்குள் போய்த்தான் முடிய வேண்டும். அதற்கு டிரம் மேல் நின்றுகொண்டு இடுப்பைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை காற்று தார்ப்பாயைக் கிளப்பியது. அந்த வரியில் கடைசி ஒரு விரல் நீளத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தோம்.

நிரப்பி முடித்ததும், ஆபரேட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேல பிளேட்டு போடலியா அண்ணாச்சி? ஓனருக்குப் பிளேட்டு கண்ணுல தெரிஞ்சாத்தான் திருப்தி."

எல்லாக் குவாரியிலும் வருகிற கேள்வி. பிளேட் போட்டதால்தான் கீறியது என்று பழைய துண்டை எடுத்துக் காட்டினேன். பிளேட் வேண்டும் என்றால் சாய்சதுரமாக, இரண்டு முனையும் ஆர்மின் நீளவாக்கில் கூர்ந்து போகிற மாதிரி வெட்ட வேண்டும். கூர்முனையில் வெல்டிங் வைக்காமல் விட வேண்டும். அப்படிப் போட்டால் விறைப்பு படிப்படியாகக் குறையும். இந்த ஆர்மில் தாய்ப்பிளேட் முழுக் கனத்துக்கு நிரம்பிவிட்டது, அதுகூடத் தேவையில்லை. அதற்குப் பதில் பீடைப் பிளேட் மட்டத்துக்குத் தேய்த்து இறக்கினோம். கிரைண்டர் கோடுகள் ஆர்மின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் ஒவ்வொரு கோடும் விரிசலுக்கு ஒரு வாசல். ஓனர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, எங்கே வெல்டிங் வைத்தீர்கள் என்று கேட்டார். என்னைப் பொறுத்தவரை அது பாராட்டு. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் பக்கம் கூலியை இன்னும் பல பேர் ராடு கணக்கில் பேசுகிறார்கள். எத்தனை ராடு ஓடியது என்று எண்ணிக் காசு. அப்படிப் பேசினால் வெல்டர் எதற்குத் தோண்டுவான்? மேலே மேலே அப்பத்தான் பார்ப்பான். நான் வேலைக்கு இவ்வளவு, போகவர வண்டி டீசல் தனி என்று முதலிலேயே பேசிவிடுவேன். தோண்டுகிற நேரத்துக்குக் காசு தராத கணக்கில் நல்ல வெல்டிங் வராது.

கண்ணாடிக் கம்பளியைச் சுற்றிக் கட்டி ஆற விட்டோம். ஆறுகிற நேரத்தில் கிரஷர் மேஸ்திரி வந்து, கல்லை நசுக்குகிற தாடையான ஜா பிளேட்டில் பல் தேய்ந்த இடத்தைக் கொஞ்சம் ஏற்றித் தரச் சொன்னார். கழற்றி வெளியே போட்டிருந்த பிளேட்தான். அங்கே விதி தலைகீழ். ஜா பிளேட் மாங்கனீஸ் ஸ்டீல், 1882-ல் ஹாட்ஃபீல்டு என்கிற ஆங்கிலேயர் கண்டுபிடித்த சரக்கு; 12 சதவீதம் மாங்கனீஸ் இருக்கும், அடிபட அடிபட இறுகும். இதைச் சூடாக்கி வைத்து மெதுவாக ஆறவிட்டால் நொறுங்குகிற ஜாதியாக மாறிவிடும். ஆர்முக்குக் கம்பளி சுற்றினோம், இதற்கு ஈரத்துணி. குட்டைக் குட்டையாக வரி வைத்து, இடம் மாற்றி மாற்றிப் போய், பக்கத்தில் கை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த வரி. எது எந்த இரும்பு என்று சந்தேகம் வந்தால் சட்டைப் பையில் ஒரு காந்தம் போதும். மாங்கனீஸில் காந்தம் ஒட்டாது. ரொம்ப நாள் அடிபட்ட மேல்தோலில் கொஞ்சம் இழுக்கும், அதனால் ஓரமாகத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

அதே மூச்சில், உடைந்துபோன டாகிள் பிளேட்டை ஒட்டி, பின்னால் ஒரு பட்டை வைத்துப் பலமாக்கித் தரச் சொன்னார். அதை மாட்டேன் என்றுவிட்டேன். பக்கெட் பல் ஒன்று கழன்று கல்லோடு கல்லாக ஜாவுக்குள் போய்விட்டால், மற்றது எதுவும் உடையாமல் தான் உடைவதற்காகவே அந்த டாகிள் பிளேட்டை வைத்திருக்கிறார்கள். அதைப் பலமாக்கினால் அடுத்து உடைவது ஜாவை ஆட்டுகிற பிட்மேனோ ஷாஃப்டோ. புதுசு வாங்கிப் போடுங்கள் என்றேன். சல்லடைப் பக்கப் பிளேட்டில் ஆங்கிள் ஒன்றை வெல்டிங் வைக்கச் சொன்னதற்கும் அதே பதில்தான்: நாள் முழுக்கக் குலுங்குகிற பிளேட், வெல்டிங் பட்ட இடத்திலேயே கீறும், துளை போட்டு போல்ட் முடுக்குங்கள்.

சாயங்காலம் ஆர்ம் கைச்சூட்டுக்கு வந்தது. சாயம் அடித்துப் பார்த்தோம், சுத்தம். ஹைட்ரஜன் விரிசல் தாமதமாக வரும் என்பதால் மறுநாள் காலையில் வண்டி எடுக்கும் முன் இன்னொரு முறை பார்க்கும்படி சாய டப்பாவை மேனேஜரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் போட்டோ அனுப்பினார், வெள்ளையில் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லை. அந்த இடத்துக்கு மட்டும் கறுப்பு பெயின்ட் வேண்டாம், வெளிர் நிறம் அடியுங்கள், கிரீஸ் வைக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் கோடு வந்தால் தெரியும் என்றேன். ஆபரேட்டரிடம் சொன்னது பிரேக்கர் பற்றி: சிலிண்டரைக் கடைசி வரை நீட்டிவைத்துக்கொண்டு அடிக்காதீர்கள், ஒரே இடத்தில் உளியை வைத்து உடையாத கல்லில் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், உளியைக் கடப்பாரையாக வைத்துக் கல்லை நெம்பாதீர்கள்.

பக்கெட்டின் மூட்டுப் பின்னில் ஆட்டம் இருக்கிறது. புஷ் தேய்ந்து ஓட்டையே நீள்வட்டமாகிவிட்டது. அதைச் சரிசெய்ய, ஓட்டையைக் கடைந்து வட்டமாக்குகிற லைன் போரிங் மெஷின் வேண்டும், அது என்னிடம் இல்லை. வைத்திருக்கிறவர் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.